விதையும் தேமலும்

புங்குடுதீவில் எம் வீட்டுக் கிணற்றடியில், மஞ்சள் நரம்புத் தேமலை எதிர்க்கும் இனமெனப் பெற்ற வெண்டி விதையை ஊன்றினோம். மூன்றாம் கிழமை ஒரு கன்றின் இலைநரம்புகள் மஞ்சளித்தன. “பிடுங்கி எறி, மோனே” என்றார் பெரியம்மா. கல்லூரியில் விஞ்ஞானம் பயின்ற நாமோ, எதிர்ப்புள்ள விதையன்றோ என நகைத்து விட்டுவைத்தோம். வெள்ளை ஈ அடுத்த வளவுக்கும் நோயைக் கொண்டேகிற்று.

பின்னரே படித்தறிந்தோம். 1950களில் தில்லியில் உருவான பூசா சவானி வெண்டியும் முதலில் இந்நோயை எதிர்த்து நின்று, காலப்போக்கில் தோற்றதாம். இக்குலத்து வைரசுகள் இரண்டு ஒரே கலத்துட் புகின், தம் மரபுப்பொருளின் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளவும் வல்லன. அங்ஙனம் பிறக்கும் புதியதைச் செடியின் பழைய எதிர்ப்பு தடுக்கத் தவறலாம்.

இதனை அடுத்த வளவாருக்கு விளக்கப் புகுந்தோம். அவரோ தம் மஞ்சளித்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.