எந்தக் கிணறு, எந்த மாதம்

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. எனக்கு அந்தப் பெருமையோடு, அதைக் கேட்டு வாங்கித் தந்த விண்ணப்பத்தின் மீதும் பெரிய மரியாதை உண்டு. பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் கொடுத்த விண்ணப்பம் அது. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அதில் சொல்லியே ஆகவேண்டிய விஷயங்கள் உண்டு. பொருள் எந்த எல்லைக்குள் செய்யப்படுகிறது, அதற்கு வரைபடம் எங்கே, எப்போதிருந்து செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், தரத்தை யார் சோதிப்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். ‘உலகப் புகழ்பெற்ற’ என்று எழுதினால் அங்கே ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

நாகல் நகர்ப் பட்டறையில் ஒருவர் பூட்டுக்குள் இருக்கும் லீவரை அரத்தால் ராவி, சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்து, மறுபடி ராவுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த லீவர் அந்தச் சாவிக்கு மட்டுமே வழிவிடும். அலிகார் இயந்திரப் பூட்டு விலையில் நம்மை அடித்துவிடும். இந்த ராவலில் அடிக்க முடியாது. ‘கைவேலைப்பாடு மிக்கது’ என்று எழுதினால் படிக்கும் அதிகாரிக்கு எதுவும் பிடிபடாது. ராவுவதை எழுதினால், சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்ளலாம். நம்பவைக்கும் எழுத்து என்று நான் நினைப்பது இதைத்தான்: படிப்பவர் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியம்.

ஆராய்ச்சி மாணவர்கள் நிதி கேட்டுப் புரோபசல் எழுதிவிட்டு என்னிடம் காட்டுவதுண்டு. தோல் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். முதல் பக்கம் முழுக்கத் தண்ணீரின் பெருமை.

“தண்ணி முக்கியம்னு பணம் குடுக்கிறவருக்குத் தெரியும்மா. நீ புதுசா என்ன பாக்கப் போறே?”

“தண்ணி கெட்டுப்போச்சுன்னு நிரூபிக்கணும் சார்.”

அது நிரூபிக்கப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தபோது, சில மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த மாவட்டங்களின் பட்டியலில் திண்டுக்கல்லும் இருந்தது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. இத்தனையும் தெரிந்தவர்தான் அவள் தாளைப் படிக்கப் போகிறார்.

பேச்சுவாக்கில் அவளே ஒன்று சொன்னாள். “எங்க அப்பத்தா வீட்டுக் கெணத்துல மழை பெஞ்சா தண்ணி கொஞ்சம் தேவல சார். பங்குனியில வாயில வைக்க முடியாது.” அதுதான் கேள்வி! எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது மண்ணுக்குள் இறங்கும்போது ஆலைக் கழிவின் பழைய உப்பு கரைந்து குறைகிறதா, அல்லது கொஞ்ச நாள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்புகிறதா?

இப்படிக் கேட்டதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. மழைக்கு முன், மழைக்குப் பின், பங்குனி என மூன்று முறை மாதிரி எடுக்க வேண்டும். திறந்த கிணறு தனி, ஆழ்துளைக் கிணறு தனி. பாறையிலிருந்தும் உப்பு வரும் என்பதால், ஆலைகளுக்கு மேற்புறம் உள்ள சில கிணறுகளையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழி யார் மேல் என்று சொல்ல முடியாது. கரைந்த உப்பு, குரோமியம் இரண்டையும் அளக்க ஆய்வகம் ஒரு மாதிரிக்கு என்ன வாங்குகிறது என்று விசாரித்து, மாதிரிகளின் எண்ணிக்கையால் பெருக்கினாள். மொட்டையாகப் போட்டிருந்த ‘ஒரு லட்சம்’ போய், கேட்டால் கணக்குக் காட்டக்கூடிய தொகை வந்து உட்கார்ந்தது.

வேலையிடத்திலும் இதே கதைதான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை மேற்பார்வையாளர், காற்று கசியும் கம்ப்ரசர் குழாய்களை மாற்றச் சொல்லிப் பலமுறை எழுதியும் முதலாளி அசையவில்லை. ஒரு விடுமுறை நாளில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, அது எவ்வளவு நேரம் சுமையேறி ஓடுகிறது என்று குறித்தார். காற்றைக் கேட்க ஆளே இல்லாதபோது அது ஓடியதெல்லாம் கசிவுக்காக எரிந்த மின்சாரம். அந்தக் குறிப்பை ஒரே பக்கத்தில் ரூபாய்க் கணக்காக மாற்றிக் கொடுத்ததும் வேலை நடந்தது.

அந்த மாணவி, சிறு நிதி தரும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்துக்கு அனுப்பியிருக்கிறாள். பதில் வர நாளாகும். ஐப்பசி மழை காத்திருக்காது. மழைக்கு முந்தைய மாதிரியை இப்போது விட்டால் அடுத்த வருஷம்தான் என்று, கைக்காசைப் போட்டுப் பாட்டில்கள் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.