ஐசிஸ் தேவியின் கடைசிக் கோயில்

எகிப்தின் அஸ்வான் நகருக்குத் தெற்கே, ஷெல்லால் படகுத்துறையில் பேரம் பேசி முடித்து மோட்டார் படகில் ஏறினால், சில நிமிடங்களில் கருங்கல் பாறைகளுக்கு நடுவே ஃபிலே கோயிலின் முகப்புக் கோபுரங்கள் தெரிகின்றன. எகிப்தின் பழைய தெய்வங்களுக்குக் கடைசிவரை பூஜை நடந்த இடம் என்று பெயர் பெற்றது இந்த ஐசிஸ் கோயில்தான்.

இரண்டு கோபுரங்களைத் தாண்டித் தூண் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுபவை சிலுவைகள். சுவர்களில் பல தெய்வ உருவங்கள் உளியால் கொத்தப்பட்டிருக்கின்றன. புது மதம் வந்தது, பழையதை ஒரே வீச்சில் அழித்தது என்றுதான் தோன்றும். ஆனால் நடந்த கதை நீளமானது.

கி.பி. 298-ல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் தெற்கு எல்லையை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். எல்லைக்கு அப்பால் பிளெம்மியர், நொபாட்டியர் என்ற பழங்குடிகள். அவர்களுக்கும் ரோமானியர்களுக்கும் பொதுவான வழிபாட்டை அவர் தீவில் ஏற்படுத்தியதாக எழுதுகிறார் 6-ம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ். ஒரே சன்னதியில் கும்பிடுபவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்பது கணக்கு. இதே டயோக்ளீஷியன்தான் 303-ல் கிறிஸ்தவர்களை ஒடுக்க ஆணையிட்டவர் என்பது வேடிக்கை.

4-ம் நூற்றாண்டின் நடுவிலேயே ஃபிலேக்கு கிறிஸ்தவ ஆயர் வந்துவிட்டார். முதல் ஆயர் மக்கெடோனியஸ், கோயிலில் வழிபடப்பட்ட ராஜாளியின் தலையை வெட்டித் தீயில் எறிந்ததாக ஒரு காப்டிக் நூல் பெருமையுடன் சொல்கிறது. அது பக்திக் கதையாக இருக்கலாம். எப்படியானாலும் பூஜை நிற்கவில்லை. 391-ல் பேரரசர் தியோடோசியஸ் கோயில் வழிபாட்டைத் தடை செய்தார். அதையொட்டிய மாதங்களில் அலெக்சாண்ட்ரியாவின் புகழ்பெற்ற செராபிஸ் கோயில் இடிக்கப்பட்டது. ஃபிலேயிலோ 394 ஆகஸ்ட் 24 அன்று ஒரு பூசாரி நிதானமாகச் சித்திர எழுத்தில் கல்வெட்டு பொறித்தார். தேதி தெரிந்த கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு அதுதான்.

சட்டம் ஏன் இங்கே மட்டும் எட்டவில்லை? எல்லைப் பயம்தான் காரணம். 5-ம் நூற்றாண்டின் நடுவில் பிளெம்மியரையும் நொபாட்டியரையும் போரில் வென்ற ரோமத் தளபதி மாக்சிமினஸ், அவர்களுடன் செய்த ஒப்பந்தத்தில் வியப்பான ஒரு ஷரத்தை ஏற்றார். பழைய வழக்கப்படி அவர்கள் தடையின்றிக் கோயிலுக்கு வரலாம். ஐசிஸ் சிலையைப் படகில் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்று, குறித்த காலத்தில் திருப்பிக் கொண்டுவரலாம். கிறிஸ்தவப் பேரரசு இதற்கு உடன்பட்டது பெருந்தன்மையால் அல்ல, அமைதி தேவைப்பட்டதால்.

தேவைக்காக வந்த சகிப்புக்கு ஆயுள் குறைவு. 535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணையுடன் தளபதி நார்சஸ் வந்தார். பூசாரிகள் சிறைக்குப் போனார்கள். சிலைகள் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போயின. சன்னதிகள் இடிக்கப்பட்டதாக புரோக்கோப்பியஸ் எழுதினாலும் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அதற்குள் வழிபாடு வெகுவாகத் தேய்ந்துவிட்டிருந்தது என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தூண் மண்டபத்தைப் புனித ஸ்டீபன் ஆலயமாக மாற்றினார் ஆயர் தியோடோர். ஸ்டீபன், தன் நம்பிக்கைக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்டவர்.

இன்று பயணிகள் இறங்குவது பழைய தீவில் அல்ல. அஸ்வான் அணைகளின் நீரில் ஃபிலே மூழ்கியதால், யுனெஸ்கோ உதவியுடன் 1970-களில் கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, பக்கத்திலிருந்த அகில்கியா தீவில் மீண்டும் கட்டப்பட்டது. 1980-ல் திறக்கப்பட்டது. ஐசிஸுக்காக எழுப்பிய சுவரில் தியோடோரின் ஆட்கள் செதுக்கிய சிலுவைகளும் கூடவே வந்து சேர்ந்தன. வேறு வழியும் இல்லை. இரண்டும் இருப்பது அதே கற்களில்தான்.