குற்றவாளி இல்லாத கோளாறு

ஒரு கோளாறு நேர்ந்துவிட்டால், "யார் செய்தது?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். அக்கேள்விக்கு விடையே இல்லாத ஒரு கோளாறைப் பற்றிப் படித்தது முதல் என் எண்ணம் மாறியிருக்கிறது.

லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி, 2011-இல் எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்ட மென்பொருள் காஃப்கா. அதை ஒரு பெரிய பதிவேடு எனலாம். வரும் செய்திகளை வரிசை எண்ணிட்டு எழுதி வைக்கும். ஒரு கணிப்பொறி பழுதானாலும் ஏடு அழியாதிருக்க, பல கணிப்பொறிகள் அதைப் படியெடுத்து வைத்திருக்கும். அவற்றுள் ஒன்று தலைமை, மற்றவை துணை. எந்த வரி வரை எல்லா ஏட்டிலும் ஏறிவிட்டது என்பதைத் தலைமை ஒரு குறியால் காட்டும்.

இங்கேதான் சிக்கல். தலைமை ஒன்று, துணை ஒன்று எனக் கொள்வோம். பத்தாவது வரியைத் துணை எழுதிவிட்டது. தலைமையும் அதையறிந்து, குறியைப் பத்துக்கு உயர்த்தி, செய்தி அனுப்பியவரிடம் "பெற்றுக்கொண்டோம்" என்று சொல்லிவிட்டது. குறி உயர்ந்த சேதி வந்து சேருமுன் துணை நின்றுபோய், மீண்டும் எழுகிறது. அதனிடம் இருப்பதோ ஒன்பது என்ற பழைய குறி. விதிப்படி பத்தாவது வரியை அடித்துவிடுகிறது. தலைமையிடம் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்த நொடியில் தலைமையும் விழுந்தால்? துணையே தலைமையாகிறது. பழைய தலைமை திரும்பி வந்ததும், புதிய தலைமையைப் பார்த்துத் தன் ஏட்டிலும் அவ்வரியை அடித்துவிடுகிறது!

இரண்டில் எதுவும் விதியை மீறவில்லை. ஆயிரம் முறை சோதித்தாலும், நிகழ்ச்சிகள் அதே வரிசையில் நேராவிட்டால் பிழை தலைகாட்டாது. ஆயினும் கொடுத்த சொல் பொய்த்துவிட்டது. ஒவ்வொரு ரசீதையும் பெட்டியில் பூட்டி வைக்கும் வீட்டிலிருந்து வருபவன் நான். "பெற்றுக்கொண்டோம்" என்ற சொல்லின் மதிப்பு எனக்குத் தெரியும்.

2017-இல் வெளிவந்த 0.11 பதிப்பில் விதியையே திருத்தினார்கள். ஒவ்வொரு தலைமைக்கும் ஓர் ஆட்சி எண் உண்டு. அவ்வெண் செய்திகளோடு சேர்த்து எழுதப்படும். மீண்டெழும் துணை பழைய குறியை நம்பி எதையும் அடிப்பதில்லை. "என்னிடமுள்ள கடைசி ஆட்சி உங்கள் ஏட்டில் எந்த வரியோடு முடிகிறது?" என்று தலைமையைக் கேட்கும். விடைக்கு மேல் மிஞ்சியிருப்பதை மட்டுமே அடிக்கும்.

நண்பர்களே! அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி, திருத்தம் அவ்வளவுதான். கோளாறு கண்டவிடத்தில் ஆளைத் தேடுமுன், விதியையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போமே!