ஜாகையும் வீடும்

சென்னை மெயில் ஹௌரா நிலையத்தில் வந்து நின்றபோது எங்களுக்குக் கலியாணமாகி நாற்பது நாட்களே ஆகியிருந்தன. ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் பிரயாணம். நான்கு பெட்டிகள், ஒரு வெண்கலப் பானை, இட்லிக் கொப்பரை, அம்மா கட்டாயப்படுத்திக் கொடுத்தனுப்பிய ஒரு பித்தளைச் சொம்பு ஆகியவற்றோடு வெளியே வந்தோம். 1943 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹௌராப் பாலத்தைப் படத்தில் பாராதவர் இல்லை. ஆயினும் இருபுறமும் பேருந்துகளும் சுமைகூலிகளும் நெருக்க, கீழே ஹூக்ளி நதி மண்ணிறமாகப் பெருகி ஓட, ஒரு வாடகைக் காரில் அமர்ந்து முதன்முறையாக அதைக் கடக்கும்போது மனத்தில் எழுவது வியப்பன்று, அச்சமே என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வங்கி உத்தியோகத்தில் ஏற்பட்ட மாற்றல் எங்களை இங்கே கொண்டுவந்தது. பெரியோர்கள் கல்கத்தா என்று வழங்கிய இந்நகரம் 2001 ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா ஆகிவிட்டது. ஆனால் புதிதாக வரும் தென்னிந்தியர் முதலில் விசாரிக்கும் இடம் மட்டும் மாறவில்லை. தெற்குக் கல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட்தான் அது. 1920களில் நகர அபிவிருத்தி டிரஸ்ட் வெட்டுவித்த பெரிய ஏரி அருகில் இருப்பதால் அப்பெயர் வந்தது. ஏரியை 1958 முதல் ரவீந்திர சரோவர் என்று அழைக்கிறார்கள். அரசாங்கக் கச்சேரிகளுக்கும் வர்த்தக நிறுவனங்களுக்கும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்த நம்மவர்கள் ஒரு காலத்தில் இத்தெருக்களில் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். பிற்காலத்தில் நிறுவனங்கள் பல வேறு நகரங்களுக்குப் பெயர்ந்தன, குடும்பங்களும் குறைந்தன. எனினும் வாழையிலையும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தொடுத்த மல்லிகைச் சரமும் இன்றும் அங்கே கிடைக்கின்றன. காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடையில், சிக்கரி எவ்வளவு சேர்க்கவேண்டும் என்று தமிழிலேயே கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கு அக்கேள்வியைக் கேட்டவுடன் கண் கலங்கிவிட்டது. கேட்ட கடைக்காரர் திகைத்துப் போனார்.

கிடைத்த ஜாகை ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதி. சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை வர்ணம் பூசிய சாய்பலகைச் சன்னல்கள், தெருவைப் பார்த்த சிறிய முகப்பு. கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மையாரும் அவருடைய கணவரும், கணவரின் வயோதிகத் தாயாரும் வசித்தார்கள். அம்மையாரை 'மாஷிமா' என்று அழைக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். தாயின் சகோதரி என்பது அதன் பொருள். மூதாட்டியை எல்லோரும் 'தாக்குமா' என்றார்கள். தந்தையைப் பெற்ற பாட்டி. எங்களில் மனைவியாயிருப்பவர் அன்றே 'பௌமா' ஆனார். பௌமா என்றால் மாட்டுப்பெண். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து உலர்வதற்குள் ஒரு மாமியார் வாய்த்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டோம்.

எங்களில் ஒருவர் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் இரவு ஏழரைக்குத்தான் திரும்புவார். மற்றவருக்குப் பகற்பொழுது முழுவதும் நான்கு சுவர்களும் ஒரு சன்னலும்தான் துணை. அந்தச் சன்னலின் கீழே மீன்காரன் கூவுவான், பழைய காகிதக்காரன் கூவுவான். யார் என்ன கூவுகிறார்கள் என்பது விளங்காது. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "ஒரு குறையும் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு, பேசி முடித்தபின் அடுப்படியில் நின்று அழுவது வழக்கமாயிற்று. இது பல நாட்கள் கழித்தே மற்றவருக்குத் தெரிந்தது.

இந்நிலையில்தான் சொம்பின் சம்பவம் நிகழ்ந்தது. குழாய்த் தண்ணீர் குறித்த நேரத்தில்தான் வரும். ஒருநாள் காலை அதுவும் வரவில்லை. வங்காளி மொழிப் பாடப் புத்தகத்தில் தண்ணீருக்கு 'ஜல்' என்றும், அதை 'ஜோல்' என்பதுபோல் உச்சரிக்கவேண்டும் என்றும் படித்திருந்த பௌமா, அம்மா கொடுத்த பித்தளைச் சொம்போடு கீழே இறங்கிச் சென்று, "ஏக்டு ஜோல்" என்று கேட்டார். சற்றே ஜோல் வேண்டும் என்று பொருள். மாஷிமாவின் முகம் மலர்ந்தது. சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், சுடச்சுட மீன் குழம்பை அதில் நிறைத்துக் கொண்டுவந்தார்! வங்காளியில் தண்ணீரும் ஜோல், குழம்பும் ஜோல். குழம்புக்கு மட்டும் 'ஜ'வைச் சற்று மூச்சழுத்தி உச்சரிக்கவேண்டுமாம். நம் தமிழ் நாவுக்கு அந்த வேறுபாடு எங்கே எட்டுகிறது? மீன் உண்ணாத குடும்பத்துப் பெண் அந்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து மாஷிமா பதறினார். விஷயம் விளங்கியதும் இருவரும் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்த தாக்குமா எழுந்து வந்துவிட்டார்.

அன்று முதல் பகற்பொழுது மாறத் தொடங்கியது. தாக்குமா விதவை. பழைய வழக்கப்படி மீனும் இறைச்சியும் வெங்காயமும் விலக்கியவர். அவருக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரங்கள். "பௌமாவுக்கு என் அடுப்புத்தான் சரி" என்று அவர் தீர்ப்புக் கூறினார். அந்த அடுப்பில் வாழைப்பூ இருந்தது, வாழைத்தண்டு இருந்தது, பாகற்காயிட்டுச் செய்யும் சுக்தோ என்னும் கசப்புக் கறி இருந்தது, கசகசா அரைத்துச் சேர்த்த உருளைக்கிழங்கு இருந்தது. வாழைப்பூவின் நரம்பை எடுக்கும் விதம் மட்டும் தஞ்சாவூருக்கும் வங்காளத்துக்கும் ஒன்றாகவே இருந்தது. கையில் கறை படியாமலிருக்க எண்ணெய் தடவிக்கொள்வதும் அவ்வாறே. மீன் வாடையைச் சகிக்க முடியுமா என்று அஞ்சி வந்த எங்களுக்கு, வங்காளத்தின் விதவைகள் தங்களுக்கு நேர்ந்த கட்டுப்பாட்டினுள்ளேயே இத்தனை பெரிய சைவச் சமையலை வளர்த்து வைத்திருந்தது புதிய செய்தி. சுவையாக உண்டோம், அது பிறந்த காரணத்தை நினைத்தபோது மனம் சங்கடப்படாமலும் இல்லை.

ஒருநாள் தாக்குமா, "உங்கள் பாடி எங்கே?" என்று கேட்டார். பாடி என்றால் வீடு என்று படித்திருந்தோம். ஆகவே, "இதோ மாடியில்" என்றோம். அவர் தலையை அசைத்தார். மாடியில் இருப்பது 'பாஷா', பாடி அன்று என்றார். தங்குமிடம் பாஷா, முன்னோர் வாழ்ந்த இடமே பாடி. நம் பாட்டனார்கள் ஜாகை வேறு, ஊர் வேறு என்று பிரித்துப் பேசியதை அப்போது நினைத்துக்கொண்டோம். மொழிக்கும் வங்காளியில் பாஷா என்றே பெயர். அங்கும் ஒரு மூச்சழுத்தந்தான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

தாக்குமாவின் பாடி பரிசால் ஜில்லாவில் இருந்தது. இன்று அது வங்காளதேசம். 1947 இல் நாடு பிரிந்தது. 1950 இல் நடந்த கலவரங்களுக்குப் பின் பதினேழு வயதுப் புதுப்பெண்ணாகக் கணவரோடு இங்கு வந்து சேர்ந்தார். முதலில் யாதவ்பூர்ப் பக்கத்து அகதிக் குடியிருப்பு ஒன்றில் மூங்கில் தட்டிக் குடிசை. பிறகு எத்தனையோ வருஷம் கழித்து இந்த வீடு. சொந்தப் பணத்தில் வாங்கிய பிறகும், மாமனார் உயிரோடிருந்தவரை இதை பாஷா என்றே சொல்லிவந்தாராம். "எப்போது பாடி ஆயிற்று?" என்று கேட்டோம். அவர் அதற்கு விடை சொல்லாமல் வாழைப்பூவை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இவ்வளவும் இருந்தும், எங்கள் மேசையின் இழுப்பறையில் ஒரு கடிதம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. சென்னைக்கே மாற்றல் வேண்டும் என்ற விண்ணப்பம் அது. ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். இங்கே இருப்பவர்களோ என்ன இருந்தாலும் அந்நியர். விண்ணப்பத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று இருவரும் பல இரவுகள் பேசினோம். ஒருவர் "போகலாம்" என்னும் நாளில் மற்றவர் "இருக்கலாம்" என்பார். மறுநாள் கட்சி மாறிவிடும்.

அப்போது இங்குள்ள தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் ஸர் சி. வி. ராமனின் கல்கத்தா வாழ்க்கையைப் படித்தோம். அவரை நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியாக எல்லோரும் அறிவோம். நாங்கள் படித்ததோ வேறொரு கண்ணோடு. 1907 மே 6 அன்று ராமனுக்கும் லோகசுந்தரிக்கும் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது பதினெட்டு. மணமகள் அவரினும் இளையவர். அடுத்த மாதமே நிதி இலாகா உத்தியோகத்தின் பொருட்டுக் கல்கத்தா வந்து, பௌபஜாரை ஒட்டிய ஸ்காட் சந்தில் ஜாகை வைத்தார்கள். டிராம் வண்டியில் செல்கையில், பௌபஜார் தெரு 210 ஆம் எண்ணில், மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகை ராமனின் கண்ணில் பட்டது. அதன் பிறகு அவருடைய நாள் இவ்வாறு கழிந்தது: விடியற்காலையில் சங்கம், பத்து மணிக்குச் சற்று முன் வீடு, அவசரக் குளியல், அவசரச் சாப்பாடு, கச்சேரி, மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் சங்கம், இரவு ஒன்பதரை அல்லது பத்து மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமையும் சங்கத்திலேயே.

இதைப் படித்தவர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பெண் பகலெல்லாம் என்ன செய்தாள்?" என்றார். வீணை வாசிக்கத் தெரிந்த பெண் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தைப் பார்க்கப் புறப்பட்டோம். காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறி, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தோம். பௌபஜார் தெரு இப்போது விபின் பிகாரி கங்குலி தெரு எனப் பெயர் பெற்றிருக்கிறது. வரிசையாக நகைக்கடைகள், அவற்றினிடையே பிரிங்கி காளி கோயில், மரச்சாமான் கடைகளில் புதிதாகக் குடித்தனம் தொடங்குவோருக்கான கட்டில்களும் அலமாரிகளும். இத்தெருவின் அடியில் மெட்ரோச் சுரங்கம் வெட்டும்போது 2019 ஆகஸ்ட் இறுதியில் பக்கத்துச் சந்துகளில் பல வீடுகள் விரிசல் கண்டும் இடிந்தும் போயின. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். பாடி என்று நம்பியிருந்தது ஓர் இரவில் இல்லாமற் போகும் என்பதற்கு எல்லையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதில்லை.

210 ஆம் எண்ணில் இன்று கோயங்கா வணிகவியல் கல்லூரி நடைபெறுகிறது. விஞ்ஞானச் சங்கம் யாதவ்பூருக்குப் பெயர்ந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து சியால்தாப் பக்கமாக நடந்து, இரண்டு பேரிடம் வழி கேட்டு, ஸ்காட் சந்தை அடைந்தோம். குறுகலான சந்து. கொடியில் உலரும் துணிகள், குழாயடியில் பாத்திரம் துலக்கும் ஒருவர், திண்ணையில் பூனை. ராமன் குடியிருந்த வீடு எது என்று ஒரு தேநீர்க் கடைக்காரரைக் கேட்டோம். அவர் யோசித்து, "எந்த ராமன்? குடியிருந்து காலி செய்துவிட்டாரா?" என்று கேட்டார். ஆம், 1933 இல் காலி செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார் என்று சொன்னால் அவர் என்ன நினைத்திருப்பாரோ!

அந்தத் தம்பதிகளும் ஓரிடத்தில் நிலைத்தவர்கள் அல்லர். 1909 இல் ரங்கூன், 1910 இல் நாகபுரி, 1911 இல் மறுபடியும் கல்கத்தா. பிறகு சங்கத்தை ஒட்டிய வீட்டுக்குக் குடிபோய், சங்கத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு வைத்துக்கொண்டார்கள். 1917 இல் ராமன் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரானபோது, குடும்பச் செலவைக் கட்டிப் பிடித்தவர் லோகசுந்தரியாகத்தானே இருக்கவேண்டும்? 1928 பிப்ரவரி 28 அன்று அந்தச் சங்கத்தில் கண்ட ஒளிச் சிதறலை உலகம் ராமன் விளைவு என்கிறது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கத்தில் நடந்த குடித்தனத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை.

திரும்புகையில் சியால்தாவிலிருந்து, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அதே சுரங்கப் பாதை வழியாக எஸ்பிளனேட் வந்து வண்டி மாறினோம். வீடு சேர்ந்ததும் தாக்குமா விவரம் கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே: "அந்தப் பெண்ணுக்கு யாருடைய அடுப்பில் இடம் கிடைத்தது?" நாங்கள் படித்த புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

விண்ணப்பம் அனுப்புவதற்குரிய கடைசி நாள் சென்ற மாதம் கடந்து போயிற்று. அனுப்பவில்லை. கிழித்துவிடலாமா என்று ஒருவர் கேட்க, "இருக்கட்டும், அடுத்த வருஷம் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்று மற்றவர் அதை மீண்டும் இழுப்பறையிலேயே வைத்தார்.

அதற்குள் அம்மா வருகிறார். தீபாவளிக்கு முந்திய வாரம் சென்னை மெயிலில் இடம் பதிவாகியிருக்கிறது. மாஷிமா தமது கட்டில் ஒன்றை மாடிக்கு அனுப்பிவிட்டார். தாக்குமா எந்தக் காய்கறிகள் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு ஒரே ஒரு கவலை. அம்மா வந்ததும் பித்தளைச் சொம்பு எங்கே என்று கேட்பார். அது முகப்பில் துளசித் தொட்டியருகே, செடிக்கு மட்டும் தண்ணீர் வார்க்கும் சொம்பாக இருக்கிறது. ஏன் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.