போனில் மட்டும் வரும் அப்பா!

நெஸ்ஸுக்குப் போகும் ஊரெல்லாம் எதிரிகள். கையில் ஒரு பேஸ்பால் மட்டை. ஆனால், அவனை முடக்கிப்போடுவதில் அரக்கர்களுக்குக் குறையாத ஒன்று இருக்கிறது... அம்மா ஞாபகம்!

1994-ல் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த 'மதர் 2' என்ற ரோல் பிளேயிங் கேமின் நாயகன் இந்தச் சிறுவன். அடுத்த வருடம் 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. வாளும் கோட்டையும் டிராகனுமாக மற்ற கேம்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், இதில் ஹாம்பர்கர் கடை, ஏ.டி.எம்., பஸ்! எழுதியவர் ஷிகெசாடோ இடோய். விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்றவர். ('மை நெய்பர் டோடோரோ' படத்தில் அப்பாவுக்குக் குரல் கொடுத்ததும் இவர்தான்.)

வீட்டைவிட்டுக் கிளம்பி நாளானால் நெஸ்ஸுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிடும். விஷம், ஜலதோஷம்போல இந்த கேமில் அதுவும் ஒரு நோய். சண்டைக்கு நடுவே அடிக்காமல் சும்மா நின்றுவிடுவான். கடையில் இதற்கு மருந்து கிடையாது. அம்மாவுக்கு போன் போட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான்! பிடித்த சாப்பாடு எது என்று ஆரம்பத்திலேயே கேம் கேட்டுவைத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் அம்மா அதையே சமைத்துத் தருவார்.

அப்பா? அவர் முகத்தைக் கடைசிவரை பார்க்க முடியாது. போனில் பேசுவதோடு சரி. அவரைக் கூப்பிட்டால்தான் ஆட்டத்தை சேவ் செய்ய முடியும். எதிரிகளை ஜெயிக்க ஜெயிக்க, மகனின் பேங்க் கணக்கில் பணம் போடுவார். ரொம்ப நேரம் விளையாடினால் அவரே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்வார்.

குடும்பத்தை விட்டு வேறு ஊரில் தனியாகத் தங்கி வேலை பார்ப்பதற்கு, ஜப்பானில் 'தான்ஷின் ஃபுனின்' என்று தனிப் பெயரே இருக்கிறது. 1994-ல் பத்து வயதில் இதை விளையாடிய பிள்ளைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். அன்று அந்த போன் வெறும் சேவ் பட்டன். இன்று அவர்களில் சிலர் போனின் அந்தப் பக்கம் இருக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை வளர்ந்த பிறகு இன்னொரு முறை விளையாட வேண்டும்.

கடைசி எதிரியை மட்டையாலும் மந்திரத்தாலும் மட்டும் வீழ்த்த முடியாது. தோழி பவுலா பிரார்த்தனை செய்கிறாள். வழியில் பழகிய மனிதர்கள் ஒவ்வொருவராக, தூரத்திலிருந்து இந்தக் குழந்தைகளுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். நெஸ்ஸின் அம்மாவும்தான். கடைசியில் திரையில் வரும் பெயர், விளையாடுபவரின் சொந்தப் பெயர்!

ஜெயித்த பிறகு சிம்மாசனம், பட்டாபிஷேகம் எதுவும் கிடையாது. பவுலாவை அவள் வீட்டில் விட்டுவிட்டு, நெஸ் தன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். வழியில் எதிரி ஒருவரும் இல்லை.