பெரியப்பா எதையும் அமத்தவில்லை

2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. அந்த மாதக் கடைசியில் பெரியப்பாவின் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் தமிழில் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யவில்லை. அதற்குக் காரணம் நான். அது தெரிந்த அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பெரியப்பாவின் வீடு ரெனானில், சுவிஸின் லோசான் நகரின் மேற்கு ஓரத்தில். நான் அப்போது ஈபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எம்1 மெட்ரோவில் ஏறினால் சில நிமிடத்தில் அவர் வீட்டுக்குப் போய்விடலாம். பரீட்சைக் காலத்தில் எனக்குச் சோறு போட்டது அந்த வீடு.

அவர் ஊரில் அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்தவர். 1985இல் இங்கே வந்து, ஓய்வு பெறும்வரை உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார். 2004இல் ஒரு திங்க்பேட் மடிக்கணினி வாங்கினார். யாரோ ஒரு தெரிந்தவர் அதில் பாமினி எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தார். இருபது வருடத்துக்குப் பிறகு விசைகளில் கை வைத்தபோது எழுத்துகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தனவாம். இடக்கைச் சிறுவிரலில் தொடங்கி ய, ள, ன, க. வலக்கையில் புள்ளி, ட, ம, த. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு வகுத்த வரிசையின் வழியில் வந்தது அது. பாமினி அதை ஆங்கில விசைகளின் மேல் ஏற்றிவைத்திருந்தது. அன்றைக்குத் தொடங்கி எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கு எல்லாம் உரை எழுதிக் கொடுப்பவர் பெரியப்பாதான். மாமரம், கிணறு, அம்மா, பனை என்று ஒவ்வொரு பிள்ளையின் வயதுக்கும் வாய்க்கும் ஏற்ற மாதிரி எழுதுவார். 'ழ' வராத பிள்ளைக்கு 'ழ' குறைவாக வரும்படி எழுதுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், மடிக்கணினியைக் கையில் வாங்கியபோது இதில் ஒன்றையும் நான் நினைக்கவில்லை.

அவருடைய மகள் புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னாள். நான்தான் தடுத்தேன். சுவிஸில் மின்சாதனம் வாங்கும்போதே மறுசுழற்சிக்கான கட்டணமும் விலையோடு சேர்ந்துவிடும். சட்டவிதிப்படி, பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த வகைப் பொருள் விற்கும் கடை அதை எடுத்தே ஆக வேண்டும். எறிவது இங்கே அவ்வளவு இலகு. அந்த இலகுவின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சூரிச்சில் பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லவுஸ் விர்த், மெலிந்த மென்பொருள் வேண்டும் என்று 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அதன் சாரம். நான் அதை மனப்பாடமாக வைத்திருந்தேன். நல்ல நிலையில் ஓடும் பென்டியம் எம் ஒன்றை, 512 எம்பி நினைவகம்தான் இருக்கிறது என்பதற்காகக் குப்பைக்கு அனுப்புவது எனக்குப் பாவமாகத் தெரிந்தது.

அன்றிரவு நான் பட்ட பாடு இன்றைக்கும் விரல் நுனியில் இருக்கிறது. புதிதாக வந்திருந்த லுபுண்டு 14.04 என்ற லினக்ஸ் வகை முதலில் ஏற மறுத்தது. பிஏஈ என்ற வசதி செயலியில் இல்லை என்றது. 4 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிக்கு வேண்டிய வசதி அது. 512 எம்பி இயந்திரத்துக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. ஆனாலும் லுபுண்டுவின் கருவான கேர்னல் அது இல்லாமல் தொடங்காது. தொடக்கக் காலப் பென்டியம் எம் செயலிகளில் அந்த வசதி உண்மையில் இருக்கிறது, இருப்பதாக அவை அறிவிப்பதில்லை. தொடக்கக் கட்டளையில் ஃபோர்ஸ்பிஏஈ என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன், ஏறியது. பிறகு நினைவகத்தில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் சிராமைப் போட்டேன். தேவையில்லாத சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். விடியற்காலை இரண்டு மணிக்கு, ஒன்றும் திறக்காத நிலையில் 130 எம்பிக்குள் நின்றது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பெரியப்பாவின் கோப்புகளை யூஎஸ்பியில் எடுத்து வைத்திருந்தேன். அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, என்ர எழுத்தெல்லாம் இங்கிலீசு மாதிரிக் கிடக்கு. நான் எதையோ பிழையா அமத்திப் போட்டன் போல."

நான் அப்போது நூலகத்தில் இருந்தேன். ஒரு வேலை ஒப்படைக்க வேண்டியிருந்தது. போய்ப் பார்க்க அரை மணி நேரம் போதும். நான் சொன்னது இது: "பழைய ஃபைல்தானே பெரியப்பா, கெட்டுப் போயிருக்கும். இனி ஒண்டும் செய்யேலாது."

பார்க்காமலே சொன்னேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். அவர் என்னை நம்பினார், ஏனென்றால் நான் ஈபிஎஃப்எல்லில் படிக்கிற பிள்ளை. "சரி ராசா, நீ படி" என்று வைத்துவிட்டார்.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்குப் போனேன். சாமித்தட்டின் கீழே பிள்ளைகளின் பாடப்புத்தகங்களோடு அந்தத் திங்க்பேட்டும் இருந்தது. மூடியின் மேல் சந்தனமும் குங்குமமும். அதன் மேல் நான்கு கொப்பிகள். எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பெரியப்பாவின் கையெழுத்து. எழுபது வயதுக் கை. பல வருடம் சுடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கிடந்து மூட்டு வீங்கிய விரல்கள். எழுத்து பக்கத்தின் மேலே நேராகத் தொடங்கிக் கீழே வரவரச் சரிந்திருந்தது. கெட்டுப்போனதாக நான் சொன்ன உரைகளை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியிருக்கிறார். ஞாபகம் வராத இடங்களில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தார்.

படையல் எடுத்த பிறகு மடிக்கணினியைத் திறந்து ஒரு கோப்பைத் தட்டினேன். லுபுண்டுவோடு அப்போது வந்த அபிவேர்ட் என்ற எழுதும் செயலி அதைத் திறந்தது. தலைப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினியில் அது 'அம்மா'.

ஒரு கோப்பும் கெடவில்லை. பாமினி யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது, அவ்வளவுதான். கோப்பில் பதிவது ஆங்கில எழுத்து. எழுத்துரு இருந்தால் திரையில் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் ஆங்கிலக் குறிகள் தெரியும். எக்ஸ்பியை அழித்தபோது அதன் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து அழித்தவன் நான். பாமினியை இறக்கி, வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் மறைந்த கோப்புறையில் போட்டேன். அபிவேர்டை மூடித் திறந்தேன். 'அம்மா' வந்தது. மொத்தம் மூன்று நிமிடம். ஐந்து மாதம் அந்த மனிதர் தன் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவர் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "எப்பிடி ராசா எடுத்தனி?" என்று கேட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "புதுசா ஒரு அப்டேட் வந்தது பெரியப்பா, அதைப் போட்டன்" என்றேன். முதல் பொய்யை அவசரத்தில் சொன்னேன். இரண்டாவதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அந்த இரண்டாவதுதான் என்னைத் தூங்க விடுவதில்லை. அன்று வந்திருந்த எல்லோரிடமும், கெட்டுப்போன ஃபைலைத் தம்பி மீட்டுத் தந்தவன் என்று பெரியம்மாவே சொல்லிவிட்டார். அந்தப் பெயர் இன்னும் என்னோடு இருக்கிறது. கலியாண வீடுகளில் அப்படித்தான் என்னை அறிமுகம் செய்கிறார்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கும் ஆதரவு நின்றது. மறுபடியும் சொந்தக்காரர்கள் பழைய மடிக்கணினிகளைக் கொண்டுவருகிறார்கள். நான் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன், அதை விடப்போவதில்லை. ஆனால் இப்போது வட்டைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்காரவைத்து, வழக்கமாகச் செய்வதைச் செய்து காட்டச் சொல்கிறேன். எதைத் திறக்கிறார்கள், எதில் எழுதுகிறார்கள், அச்சுப்பொறி எது, எழுத்துருக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். போன மாதம் ஒருவரின் கணினியில் பாமினியைக் கண்டபோது கை நடுங்கியது.

பெரியப்பாவின் திங்க்பேட் இப்போது அலமாரியில் இருக்கிறது. அது 32 பிட் கணினி. அந்த வகைக்கு டெபியன் 13 லினக்ஸில் நிறுவி இல்லை. அவரும் மகள் வாங்கிக் கொடுத்த புதியதில்தான் எழுதுகிறார், பாமினியில்தான். ஆனால் எதை அமத்துவதானாலும், "பிழைச்சுப் போமோ?" என்று பேத்தியிடம் ஒருமுறை கேட்டுவிட்டே அமத்துகிறார். 2014க்கு முன்னால் அவர் அப்படிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெனானுக்குப் போகிறேன். எந்தக் கோப்பும் கெட்டுப் போகவில்லை பெரியப்பா, நீங்கள் எதையும் பிழையாக அமத்தவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். மற்றதை அதற்குப் பிறகு.