பிஸ்கா வனத்தில் இரண்டு நாள்

சைக்கிள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, வாடகை வண்டியில் குரங்குப் பெடல் போட்டுக் கீழே விழுந்த முழங்கால் தழும்புதான். அதில் ஏறிக்கொண்டு மலைக்காட்டுக்குள் புறப்படுகிறேன் என்றால், வீட்டுப் பெரியவர்கள் நம் புத்தியைப் பற்றியே சந்தேகப்படுவார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்துக்கு நாம் சென்றிருந்தபோது, அங்கே உத்தியோகம் பார்க்கும் பால்ய நண்பர் ஒருவர் பிஸ்கா தேசிய வனத்தில் நம்மை இரண்டு நாள், இரண்டு விதமான சைக்கிள்களில் ஏற்றிவிட்டார்.

முதல் நாள், தார்ச் சாலையில் ஓடும் சைக்கிள். ஒல்லியான டயர், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்த கைப்பிடி. பிரெவார்ட் என்ற சிற்றூரைத் தாண்டியதும் காடு தொடங்கிவிடுகிறது. வாசலில் கதவில்லை, சீட்டுக் கொடுப்பவர் இல்லை, எங்கே போகிறீர் என்று கேட்பாரும் இல்லை. நமக்கு இது ஏதோ குறைபோலவே தோன்றிற்று. சில வருஷங்களுக்கு முன் நம் நாட்டு மலைக்காடு ஒன்றின் வாசலில், இதே நண்பருடன் முக்கால் மணி நேரம் நின்று, அனுமதிக் கடிதம் இல்லையென்று திரும்பி வந்தவர்கள் நாம். யானைகள் உலவும் காடு அது. தடுத்ததில் நியாயம் உண்டு. தடுத்தவர் பேசிய தோரணையைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

சாலை, டேவிட்ஸன் நதியைத் தொட்டும் விட்டும் ஏறுகிறது. வழியோரத்திலேயே ‘லுக்கிங் கிளாஸ்’ அருவி அறுபது அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதுவரை பேசிக்கொண்டே மிதித்தோம். அதற்கப்பால் நண்பர் மட்டும் பேசினார்.

மூச்சு வாங்குவதற்காக நாம் இறங்கிய இடம் சாமானியமானதல்ல. அமெரிக்காவின் முதல் வனவியல் பள்ளி 1898-ல் தொடங்கப்பட்ட இடம் அது. இந்த மலைகளை வாங்கியிருந்த ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்ற கோடீசுவரர், காட்டைப் பராமரிக்க முதலில் கிஃபோர்ட் பின்ஷோவையும், 1895-ல் கார்ல் ஷெங்க் என்ற ஜெர்மானியரையும் நியமித்தார். பள்ளியை நடத்தியவர் ஷெங்க். இவ்விருவருக்கும் வழிகாட்டியாக இருந்தவர் யார் தெரியுமா? டீட்ரிக் பிராண்டிஸ்! 1864 முதல் 1883 வரை இந்திய சர்க்காரின் வனத் தலைமை அதிகாரியாக இருந்தவர்.

இதைக் கேட்டதும் நமக்குக் கால்வலி மறந்துவிட்டது. ஒரே ஆசிரியரின் வித்தை இரண்டு தேசங்களில் எப்படியெல்லாம் பலித்திருக்கிறது! நம் நாட்டில் 1878-ஆம் வருஷத்து வனச் சட்டம் வந்தது. ஆடு மேய்ப்பதும் சுள்ளி பொறுக்குவதும் பல காடுகளில் குற்றமாயின. 1930-ல் மத்திய மாகாணத்து ஜனங்கள் தடையை மீறிப் புல் அறுத்துச் சிறை சென்றார்கள். காட்டுவாசிகளின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2006-ல்தான் பிறந்தது. இங்கேயோ, வாண்டர்பில்ட் 1914-ல் இறந்ததும் அவர் மனைவி எடித், எண்பத்தாறாயிரம் ஏக்கருக்கு மேல், ஏக்கர் ஐந்து டாலர் வீதம் சர்க்காருக்கு விற்றார். 1916-ல் அது தேசிய வனமாயிற்று. மரம் வெட்டலாம், வேட்டையாடலாம், கூடாரம் போடலாம். எல்லாவற்றுக்கும் விதி உண்டு, ஆனால் காடு ஜனங்களுடையது.

“எந்த ஜனங்களுடையது?” என்றார் நண்பர். அவர் கேட்டது சரி. இம்மலைகளில் வாழ்ந்த செரோக்கி மக்களில் பெரும்பாலோர் 1838-ல் படைகொண்டு மேற்கே விரட்டப்பட்டவர்கள்.

பதினைந்து மைல் ஏறி, 4,535 அடி உயரக் கணவாயில் ‘புளூ ரிட்ஜ்’ மலைச்சாலையை அடைந்தோம். 469 மைல் நீளமுள்ள இச்சாலை 1935-ல் தொடங்கி 1987-ல் முடிந்தது. சரக்கு லாரி கிடையாது. விளம்பரப் பலகை கிடையாது. குகைப்பாதைகளுக்குள் நுழையும் சைக்கிளுக்கு விளக்கோ ஒளி பிரதிபலிப்பானோ மட்டும் அவசியம். சுற்றிலும் நீலமலை அடுக்குகள். எதிரே தெரியும் ‘ஷைனிங் ராக்’ வனப்பகுதியில் சைக்கிளுக்குக்கூட இடமில்லை. 1964-ஆம் வருஷத்துச் சட்டம் அதைக் கால்நடைப் பிரயாணிகளுக்கும் குதிரைகளுக்குமே விட்டுவைத்திருக்கிறது. நமக்கு அதில் வருத்தமில்லை.

மறுநாள் மலைச் சைக்கிள். தடித்த டயர், முன்சக்கரத்தில் ஸ்பிரிங், ஒரு விரலால் அழுத்தினால் நிற்கும் பிரேக். கப்பிச் சாலையில் மேலேறி, ‘பிளாக் மௌண்டன்’ ஒற்றையடிப் பாதையில் இறங்கவேண்டும். புறப்படுமுன் நண்பர் உபதேசம் செய்தார்: “பின்சக்கரத்தை முழுவதும் பூட்டாதே அப்பா. சறுக்கினால் டயர் மண்ணைக் கீறும். மழைத் தண்ணீர் அந்தக் கீறலில் ஓடும். மூன்று மழையில் பாதை வாய்க்காலாகிவிடும்.”

தலையாட்டினோம். வேர்கள் பாம்புகளாய்க் குறுக்கே கிடந்தன. இருபுறமும் ரோடோடென்ட்ரான் புதர்கள் கூரை வேய்ந்திருந்தன. முதல் செங்குத்திலேயே உபதேசம் பறந்தது. இரண்டு பிரேக்கையும் பிராணனைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, பத்து கஜ தூரம் மண்ணை உழுதுகொண்டே இறங்கினோம்.

உழவு முடிந்த இடத்தில் நாலு பேர் மண்வெட்டியும் கையுமாய் நின்றார்கள். சைக்கிள் சங்கத்துத் தொண்டர்கள், சம்பளம் கிடையாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இப்பிரதேசத்து மலைகளில் மரங்களைச் சாய்த்தபின் பாதைகளைத் திறந்து விடுவதில் இத்தகைய தொண்டர்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. அன்று அவர்கள், தண்ணீர் பாதையை விட்டு விலகி ஓடுவதற்கு வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் கிழித்த கோடு, அவர்கள் அப்போதுதான் முடித்திருந்த வடிகாலின் நடுவே போயிருந்தது.

யாரும் கோபிக்கவில்லை. நரைத்த தாடிக்காரர் ஒருவர் புன்னகையுடன் தம் மண்வெட்டியை நம்மிடம் நீட்டினார். அனுமதிக் கடிதம் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வாங்கிக்கொண்டோம். அரைமணி நேரம் வெட்டியதில் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். வடிகாலும் மறுபடி வடிகாலாயிற்று. குதிரை மேல் வந்த ஒரு பாட்டிக்கு ஒதுங்கி வழிவிட்டோம். மிச்சமிருந்த இறக்கத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து கடந்தோம். நண்பர் கீழே ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்.